ஆறாமல் வைப்பது

கனடாவில், ஸ்கார்பரோவில் என் தங்கை வீட்டு அடுப்புக்கு அடியில் ஒரு டிராயர் உண்டு. குடிபோன நாளிலிருந்து அதில் தோசைக்கல், முறுக்கு அச்சு, பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் பெரிய ஹாட் பேக் என்று அடுக்கி வைத்திருந்தாள். நான் போயிருந்த ஒரு சாயங்காலம் அடுப்பைத் துடைக்கும்போது ஏதோ ஒரு குமிழைத் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து சூடான பிளாஸ்டிக் வாடை. டிராயரை இழுத்துப் பார்த்தால், ஹாட் பேக்கின் மூடி பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. தோசைக்கல்லைத் தொட முடியவில்லை.

“அக்கா, இது பாத்திரம் வைக்கிற இடம்னுதானே நெனச்சேன்?” என்றாள் தங்கை.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊர் அடுப்புகளில் ஓவனுக்குக் கீழே இருக்கும் டிராயர் மூன்று விதம். ஒன்று வெறும் பாத்திர அறை. இன்னொன்று, பழைய கேஸ் அடுப்புகளில் இருப்பது: மேலிருந்து தீ காட்டி வாட்டுவதற்கான பிராய்லர். மூன்றாவதுதான் வார்மிங் டிராயர், சமைத்த உணவை ஆறாமல் வைப்பதற்கென்றே அடியில் ஹீட்டர் பொருத்திய பெட்டி. மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தோ கையேட்டைப் படித்தோதான் வித்தியாசம் தெரியும். பாத்திர அறையை வார்மிங் டிராயர் என்று நம்பிப் பிரியாணியை உள்ளே வைத்துவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. மூடி நெளிவதைவிட அது ஆபத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வசதியான வீடுகளில் இதைத் தனியாகவே சுவர் அலமாரிக்குள் பதிக்கிறார்கள். ஐரோப்பிய அளவில் 60 செ.மீ. அகலம், 14 செ.மீ. அல்லது அதற்கு இரண்டு மடங்கு உயரம். சில மாடல்களில் சூட்டைச் சுற்றிவர வைக்க ஒரு விசிறி இருக்கும். சூடு 30 டிகிரியில் தொடங்கி 80, 85 டிகிரி வரை போகும். நீராவி வெளியேற ஒரு சின்னச் சன்னலும் உண்டு. அதை மூடினால் உணவு ஈரமாக இருக்கும், திறந்தால் மொறுமொறுப்பு கெடாது. அவ்வளவுதான் இயந்திரம். இதில் சமைக்க முடியாது. ஆறிய உணவைச் சூடாக்கவும் முடியாது. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் வாங்கியவர்கள் பலரும் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு கிலோ சாம்பார், 5 டிகிரி. டிராயருக்குள் காற்று 80 டிகிரி. காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. பாத்திரத்தின் பக்கவாட்டின் வழியே தொடக்கத்தில் 70, 80 வாட் உள்ளே போகும், சாம்பார் சூடேற ஏற அதுவும் குறையும். என் தோராயக் கணக்கில் 60 டிகிரியைத் தொடவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி சாம்பார் வெதுவெதுப்பாக இருக்கும். கிருமிக்கு அதைவிட இதமான இடம் கிடையாது. ஆகவே கொதிக்கக் கொதிக்க உள்ளே போவதைக் கொதிப்பு அடங்கிய சூட்டிலேயே நிறுத்திவைப்பதுதான் இந்தப் பெட்டியின் ஒரே வேலை. அதற்கும் உணவு வைக்கும் முன்பே டிராயரைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கையேட்டில் இதெல்லாம் அச்சாகியிருக்கிறது. கையேடு அதே டிராயரில், தோசைக்கல்லுக்கு அடியில் இருந்தது.

உணவை ஆறாமல் வைக்க அடிப்படையில் இரண்டே வழிதான். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கலாம். அல்லது போகிற சூட்டுக்கு ஈடாக வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கலாம். ஹாட் பேக் முதல் வகை, வார்மிங் டிராயர் இரண்டாவது. இந்த வித்தியாசத்தை முதலில் கறாராகப் பேசியவர்கள் பொறியாளர்கள் என்று நினைத்திருந்தேன். யூதச் சட்ட அறிஞர்கள் சுமார் 1,800 வருடத்துக்கு முன்பே பேசிவிட்டார்கள். வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை, ஓய்வுநாளில், தீ மூட்டவோ சமைக்கவோ கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் சனி மதியம் சூடாகச் சாப்பிட வேண்டும். அதனால் வெள்ளி மாலையே சட்டியை எதிலாவது புதைத்து வைப்பார்கள். எதில் புதைக்கலாம், எதில் கூடாது என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒலிவப் பிண்ணாக்கு, எரு, சுண்ணாம்பு, உப்பு, மணல் கூடாது. அவை தாமாகவே சூட்டைக் கூட்டும் என்பது காரணம். துணி, தானியம், புறா இறகு, மரத்தூள் ஆகலாம், அவை இருக்கும் சூட்டைக் காக்க மட்டுமே செய்யும். வைக்கோல் காய்ந்திருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஆகாது. ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் வெந்து புகைவதைப் பார்த்த நம்மூர் விவசாயிக்கு இந்தக் கடைசி விதியை விளக்க வேண்டியதில்லை.

காப்பது, ஊட்டுவது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் உலகத்தில் இதற்காகச் செய்த எல்லாப் பொருளும் இரண்டு அலமாரியில் அடங்கிவிடுகின்றன.

காக்கும் அலமாரியில் முதலில் வருவது வைக்கோல் பெட்டி. கொதிக்கும் சட்டியை வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால், அடுப்பில்லாமலே மீதிச் சமையல் நடந்துவிடும். 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர்கள் இதைத் ‘தானே சமைக்கும் கருவி’ என்று காட்டினார்கள். இரண்டு உலகப் போரின்போதும் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஐரோப்பிய வீடுகளுக்கு இது கைகொடுத்தது. நமக்குப் பக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. அவர்கள் வைத்த பெயர் ‘சூடாறாப்பெட்டி’. வார்மிங் டிராயருக்கு நான் தமிழ்ப் பெயர் தேடி அலைந்தபோது கிடைத்த அத்தனை கலைச்சொல்லையும்விட இந்த மலையாளப் பெயர் நன்றாக இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தால் அது தமிழும்தான். அரிசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டுப் பானையோடு பெட்டிக்குள் வைத்தால் சோறு வெந்துவிடும். மிச்ச நேரம் விறகோ கேஸோ செலவில்லை.

அதே அலமாரியில் ஃபிளாஸ்க் இருக்கிறது. ஜேம்ஸ் டூவார் 1892-ல் கண்டுபிடித்தது, குளிர்ந்த வாயுக்களைக் காப்பதற்காக. காபிக்கும் ஆகும் என்று கண்டுகொண்டு 1904-ல் வியாபாரமாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். டூவார் காப்புரிமை வாங்கியிருக்கவில்லை, வழக்கும் பலிக்கவில்லை. பிறகு நம்முடைய ஹாட் பேக். இரண்டு சுவருக்கு நடுவே பாலியூரிதேன் நுரை, உள்ளே எவர்சில்வர். கல்யாண வரிசையில் இன்றும் தவறாத பொருள். அதன் குணம் ஒன்றுதான் பலருக்குத் தெரிவதில்லை: ஹாட் பேக்குக்கு நிறைய வேண்டும். நிரம்பிய ஹாட் பேக்கில் சூட்டைச் சுமக்கும் சோறு அதிகம், வெளியே விடும் சுவர் அதேதான். கால்வாசி மட்டும் போட்டால் கசியும் வேகம் பெரிதாகக் குறையாது, கையிருப்பு மட்டும் கால்வாசியாகிவிடும். என் வீட்டில் ஒருநாள் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன். ஐந்து பேருக்கான ஹாட் பேக்கில் ஒருவருக்கு மட்டும் சோறு எடுத்து வைத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் 60-க்குக் கீழே வந்துவிட்டது. தொட்டால் சுடுகிறது என்று சொல்லிக்கொண்டு இரவு பத்து மணி வரை வைத்திருக்கும் சூடு அது.

ஊட்டும் அலமாரிக்கு வந்தால், நம் பாட்டிமார் அடுப்பிலேயே ஒரு வார்மிங் டிராயர் இருந்தது. கொடி அடுப்பு என்று பெயர். முதல் அடுப்பில் விறகு எரியும், அதன் அனல் பக்கத்தில் இருக்கும் குழிக்குப் போகும். அங்கே தனியாகத் தீ கிடையாது, மிச்ச அனல்தான். சோறு முதல் அடுப்பில் வேகும்போது ரசமோ பருப்போ கொடி அடுப்பில் ஆறாமல் உட்கார்ந்திருக்கும். அமெரிக்க இரும்பு அடுப்புகளில் தலைக்கு மேலே ஒரு கதவு போட்ட அலமாரி இருந்ததும் இதே யோசனைதான், புகைக்குழாயின் மிச்ச அனலில் உணவைக் காப்பது. ஸ்வீடனின் குஸ்தாவ் டாலேன் 1922-ல் உருவாக்கிய ஆகா அடுப்பில், நான்கு ஓவன் கொண்ட மாடலில் ஒன்று சூடு காக்க மட்டுமே. 1912-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், அதே வருடம் ஒரு வெடி விபத்தில் பார்வையை இழந்தவர். வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், மனைவி அடுப்போடு படும் பாடு அவருக்கு உறைத்தது என்பார்கள். மின்சார வார்மிங் டிராயர் இந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளை. கொடி அடுப்பு மிச்சத்தை வைத்துப் பிழைத்தது, இதற்குத் தனி வயர் வேண்டியிருக்கிறது.

மேல்நாட்டில் ஏன் இந்த டிராயர் தேவைப்பட்டது, இங்கே ஏன் அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை? காரணம் தட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் ஒரே தட்டில் வர வேண்டும்: இறைச்சி, உருளைக்கிழங்கு, காய், குழம்பு. முதலில் வெந்தது கடைசியில் வேகிறதற்காகக் காத்திருக்க வேண்டும். தட்டோ பீங்கான். 20 டிகிரியில் இருக்கும் அறுநூறு கிராம் பீங்கான் தட்டில் 70 டிகிரி உணவு முந்நூறு கிராம் வைத்தால், இரண்டும் சமப்படும்போது கணக்குப்படி 54 டிகிரிதான் மிஞ்சும். பதினாறு டிகிரியைத் தட்டு தின்றுவிட்டது. குளிர்நாட்டில் தட்டையே சூடாக்கி வைக்கும் வழக்கம் வந்தது இதனால்தான். வார்மிங் டிராயரில் தட்டுக்கும் காபிக் கோப்பைக்கும் தனித்தனி அளவு குறித்திருப்பதும் இதனால்தான். வாழை இலைக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, அது எதையும் தின்னாது. தவிர, நம் பந்தி வரிசையாக வருவது. சாம்பார் முடிந்தால் ரசம், ரசம் முடிந்தால் மோர். ஒவ்வொன்றும் வாளியில் சூட்டோடு வந்து, அந்தந்த வாய்க்கு ஊற்றப்படுகிறது. சோறு இலையில் பரந்து சீக்கிரம் ஆறத்தான் செய்யும், ஆனால் அடுத்த கரண்டி ரசம் அதை மறுபடி சூடாக்கிவிடும்.

சரி, கிருமி. இந்த விஷயத்தில் நம் வீடுகளில் பேச்சு குறைவு, அதனால் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

சமைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பது பாதி உண்மை. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி மண்ணிலிருந்து நெல்லோடு வந்து அரிசியில் வித்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். வித்து என்றால் ஓடு போட்ட உறக்க நிலை. கொதிக்கும் தண்ணீரில் அது சாவதில்லை. சோறு வெந்து, ஆறி, வெதுவெதுப்பாகும்போது விழித்துக்கொள்கிறது. பெருகும்போது சோற்றில் ஒரு நஞ்சை விட்டுவிடும். அந்த நஞ்சு பொல்லாதது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதாவது, மதியம் வடித்த சோற்றைச் சாயங்காலம் வரை மேடையில் வைத்துவிட்டு இரவு நன்றாக வறுத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைட் ரைஸில் திரும்பத் திரும்ப இது நடந்தபோதுதான் மருத்துவ உலகம் இதை ஒழுங்காகக் கவனித்தது. மொத்தமாகச் சோறு வடித்து, அறை வெப்பத்தில் வைத்து, ஆர்டர் வர வர வறுப்பது அங்கே வழக்கம்.

இறைச்சிக் குழம்புக்கும் பிரியாணிக்கும் எதிரி வேறு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இதற்கு 43 முதல் 47 டிகிரி வரை சொர்க்கம். அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். ஒன்று ஆயிரமாகப் பெருக ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். பெரிய அண்டாவில் மேலே ஆறிப்போயிருக்கும், நடுவே இன்னும் வெதுவெதுப்பு. அந்த நடுப்பகுதிதான் அதன் ஊர். சாப்பிட்டு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு. கல்யாண வீட்டுக்குப் போய்வந்து மறுநாள் காலை ‘ஒத்துக்கலை’ என்று சொல்வதில் எத்தனை இதன் கைவேலையோ.

இரண்டு கிருமிக்கும் 50 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது, 60-ல் நின்றுபோகிறது. அதனால்தான் உலகம் முழுக்க எண் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கிறது. அமெரிக்க உணவுச் சட்டத் தொகுப்பு 57 டிகிரி என்கிறது, முன்பு 60 என்று இருந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 60. இங்கிலாந்து 63. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கேட்டரிங் கடைகளைச் சோதிக்க வைத்திருக்கும் பட்டியலில் சைவத்துக்கு 65, அசைவத்துக்கு 70. ஒரே கிருமிக்கு எல்லை தாண்டினால் சட்டம் மாறுவது வேடிக்கைதான். பாத்திரத்தின் ஓரமும் நடுவும் ஒரே சூட்டில் இருக்காது, அளக்கும் கருவியிலும் பிழை வரும் என்று அவரவர் விட்டுவைத்த இடைவெளிதான் இந்த வித்தியாசம். அந்தப் பட்டியலில் இன்னொரு வரி எனக்குப் பிடித்தது. ஆறியதை மறுபடி சூடாக்கினால் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவதும், பெயின்-மேரி என்ற வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குவதும், விளக்கடியில் காட்டுவதும் செல்லாது. ஆறிய குழம்பில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கும் வழக்கத்தை யாரோ நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

நேரக் கணக்கும் உண்டு. சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது அமெரிக்க அறிவுரை, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். சென்னையில் மழை, குளிர் மாதங்களை விட்டால் பகல் பெரும்பாலும் 32-க்கு மேல்தான். நமக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரக் கணக்குதான். பேருந்து நிலைய பேக்கரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு எரிய முட்டை பஃப்ஸ் வரிசையாக நிற்குமே, அந்தப் பல்பு பஃப்ஸைச் சூடாக வைக்கிறதா, சூடாக இருப்பது போலக் காட்டுகிறதா என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. கையில் வாங்கிக் கடித்தால் தெரிந்துவிடும். வெளியே இதம், உள்ளே இருக்கும் முட்டை மசாலாவில் அதுவுமில்லை.

பாதுகாப்பு ஒரு பக்கம். ருசி இன்னொரு பக்கம், அங்கே வார்மிங் டிராயர் சில பதார்த்தங்களுக்கு நல்லது செய்கிறது, சிலவற்றைக் கொல்கிறது.

சோற்றுக்கு நல்லது. வெந்த சோறு ஆறும்போது விறைப்பது தண்ணீர் வற்றுவதால் மட்டுமில்லை. வேகும்போது கட்டவிழ்ந்த மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. ஃபிரிட்ஜ் குளிரில் இது வேகமாக நடக்கும், 60 டிகிரிக்கு மேல் கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. ஜப்பானியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1955-ல் தோஷிபா மின்சார ரைஸ் குக்கரைக் கொண்டுவந்தது. 1970-ல் ஸோஜிருஷி சோற்றைச் சூடாக வைப்பதற்கென்றே மின்சார ஜாடி விற்றது. பிறகு இரண்டும் ஒன்றாகி, இன்று நம் வீட்டுக் குக்கரில் ‘வார்ம்’ என்று எரியும் விளக்காக நிற்கிறது. யோசித்தால் தமிழ் வீடுகளில் அதிகம் பரவிய வார்மிங் டிராயர் அதுதான். ஆனால் அதிலும் எட்டு மணி நேரம் தாண்டினால் சோறு லேசாக மஞ்சளித்து ஒரு வாடை வரும்.

சப்பாத்திக்கு நீராவிதான் பிரச்சினை. கல்லிலிருந்து எடுத்து நேரே மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும், அடியில் இருக்கும் இரண்டு சப்பாத்தி களியாகும். துணி விரித்து வைப்பது அதனால். வடை, பஜ்ஜி, போண்டா எல்லாம் மூடினால் தொய்ந்துவிடும். டிராயரில் வைப்பதானால் சன்னலைத் திறந்து, கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். அப்படி வைத்தால் அரை மணி நேரம் தாங்கும். இட்லி ஈரத்துணியோடு மூடி இருந்தால் ஒரு மணி நேரம் போகும், திறந்திருந்தால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். வெண்பொங்கல் இறுகிக்கொண்டே போகும், சூடு இருந்தாலும் கரண்டி நிற்கும். சாம்பாரும் அப்படித்தான். அதற்கு வெந்நீர் விட்டுத் தளர்த்திக் கொதிக்கவைப்பதில் தப்பில்லை, கொதிக்கவைக்காமல் விடுவதில்தான் தப்பு. பீன்ஸ் பொரியல் பச்சை போய் காக்கி நிறமாகும், சூடும் காயின் புளிப்பும் சேர்ந்து பச்சையத்தை மாற்றிவிடுகின்றன. கீரையை வைக்கவே கூடாது. வைட்டமின் சி போவதும் சூட்டில் நிற்கும் நேரத்தைப் பொறுத்தது.

ரசம்? மூடி வைத்தால் சூடு நிற்கும், திறக்கும்போது வாசனையெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். ரசத்தின் பாதி அதன் ஆவி. டிகாக்ஷன் சூட்டிலேயே நின்றால் புளித்துக் கசக்கும், அதை ஆறவிட்டுப் பாலை மட்டும் கொதிக்கவைக்கும் நம் வழக்கம் சரியானது. தோசையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை. கல்லிலிருந்து தட்டுக்கு வரும் நேரம்தான் அதன் ஆயுசு. இதற்காக ஒரு பெட்டி செய்யலாம் என்று நினைக்கிறவர் தோசை சாப்பிட்டதில்லை.

சூடே தேவையில்லாத சாப்பாட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் போனால் தவறு. புளியோதரை, கட்டுச்சோறு, தயிர்சாதம், நீர் ஊற்றிய பழையது. முதல் இரண்டிலும் புளியும் எண்ணெயும், மற்ற இரண்டிலும் தயிரின் கிருமியோ புளிப்புக் கிருமியோ கெட்டவற்றுக்கு இடம் விடுவதில்லை. சூட்டைப் பிடித்து வைக்கப் பெட்டி செய்வதற்குப் பதில், ஆறினாலும் நிற்கிற சாப்பாட்டைச் செய்தார்கள். வெயில்நாட்டுப் பதில் அது. குளிர்நாட்டில் அந்தப் பதில் மனதுக்குப் பிடிக்காது, மைனஸ் இருபதில் யார் தயிர்சாதம் கேட்பார்கள்.

மின்செலவை ஒரே வரியில் முடித்துவிடலாம். 400 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். அதே உணவில் ஒரு தட்டு அளவை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சூடாக்க 0.06 யூனிட் போதும். நான்கு பேர் நான்கு நேரத்தில் வந்து சாப்பிடும் வீட்டில் டிராயர் தோற்கும். பத்துப் பேர் ஒன்றாக உட்காரும் வீட்டில் ஜெயிக்கும்.

ஓய்வுநாள் விதிக்கு இந்த இடத்தில் திரும்ப வேண்டும். இந்த டிராயரை விடாமல் வாங்கிய கூட்டங்களில் அமெரிக்காவின் யூதக் குடும்பங்களும் சேர்த்தி. வெள்ளி மாலை வைத்ததைச் சனி மதியம் வரை காக்க வேண்டும். சட்டப்படி எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது, கதவைத் திறந்ததும் விளக்கு எரிவதுகூட ஆகாது. அதற்காக ‘சபாத் மோட்’, அதாவது ஓய்வுநாள் முறை, என்று ஒரு ஏற்பாடு வந்தது. அதைப் போட்டுவிட்டால் விளக்கு எரியாது, மணி அடிக்காது, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானே அணையும் பாதுகாப்பும் வேலை செய்யாது. பால்டிமோரில் இருக்கும் ஸ்டார்-கே போன்ற அமைப்புகள் எந்த மாடல் விதிக்கு ஒத்துவரும் என்று சான்று தருகின்றன. ஒலிவப் பிண்ணாக்கா, புறா இறகா என்ற பழைய வாதம் இன்று தெர்மோஸ்டாட் வரை வந்து நிற்கிறது. வாதம் முடியவில்லை: டிராயரைத் திறந்தால் குளிர்க்காற்று புகுந்து ஹீட்டர் ஓடத் தொடங்கினால், அதை ஓட்டியது யார்?

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராயம் உண்டு. தமிழ்நாட்டில் வார்மிங் டிராயர் வாங்க நினைக்கிற பெரும்பாலான வீடுகளுக்கு அது வேண்டாம். அந்தக் காசில் ஒரு சின்னப் பங்குக்கு ஒரு குத்து தெர்மாமீட்டர் வாங்கி, அண்டாவின் நடுவில் குத்திப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். நம்மிடம் இருப்பது சூட்டைக் கையால் அளக்கும் வழக்கம். 50 டிகிரியில் கை ‘அப்பா, சுடுது’ என்று சொல்லிவிடும். கிருமி அந்த 50-ல் சங்கடமில்லாமல் வாழும். விரலுக்கும் கிருமிக்கும் நடுவே இருக்கும் பத்து டிகிரியில்தான் பந்திகள் கெட்டுப்போகின்றன. சமையல் காண்ட்ராக்டர்களில் எவர் கையிலாவது தெர்மாமீட்டரைப் பார்த்தால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எப்போதும் சுடச்சுட வேண்டும். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா குமுட்டியில் கரியைச் சாம்பல் மூடி வைத்திருப்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் சாம்பலைத் தள்ளி, குழம்புச்சட்டியை ஏற்றுவாள். ஆறாமல் வைக்கும் கருவி எங்கள் வீட்டில் அம்மாதான். அவள் கடைசியில் சாப்பிட்டது எந்தச் சூட்டில் இருந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

தங்கை வீட்டு டிராயருக்குப் பிறகு ஒரு வேலை கிடைத்தது. அதன் மிகக் குறைந்த சூட்டளவு 30 டிகிரியை ஒட்டி இருந்தது. ரொட்டி மாவு உப்புவதற்கென்று கையேட்டில் போட்டிருந்தார்கள். ஸ்கார்பரோ ஜனவரியில் இட்லி மாவு பொங்குவது அந்த ஊர்த் தமிழ் வீடுகளின் தலையாய பிரச்சினை. ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டு வைப்பார்கள், கம்பளி சுற்றுவார்கள், ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு மறப்பார்கள். நாங்கள் தோசைக்கல்லையும் முறுக்கு அச்சையும் வெளியே எடுத்துவிட்டு, அரைத்த மாவை அகலமான பாத்திரத்தில் பாதியளவு ஊற்றி, டிராயரில் இறக்கினோம். அவளுக்கு நம்பிக்கையில்லை.

காலையில் அவள்தான் முதலில் போய் இழுத்தாள்.

“அக்கா, கொஞ்சம் வா. மூடியத் தள்ளிட்டு வெளிய வந்துருச்சு.”

டிராயரின் மூலையெல்லாம் மாவு. துடைக்க அரை மணி நேரம் ஆயிற்று.